மரப்பரணில் வில்வேட்டை: பாதுகாப்புக் கச்சையைத் தரையிலிருந்து தரை வரை பயன்படுத்தும் முறை

ஆறு மீட்டர் உயரப் பரணிலிருந்து கால் தவறினால், தரையைத் தொட ஏறத்தாழ 1.1 விநாடிதான் ஆகும். அந்த நேரத்தில் உடலின் வேகம் மணிக்கு 39 கிலோமீட்டரை எட்டியிருக்கும். கிளையைப் பிடித்துக்கொள்ளலாம், ஏணியைத் தாவிப் பற்றலாம் என்றெல்லாம் நினைத்திருப்பவருக்கு அந்த ஒரு விநாடி போதாது. துப்பாக்கியோடு பரணில் இருப்பவர் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே சுட்டுவிட முடியும். வில்லோடு இருப்பவரோ பல வேளைகளில் எழுந்து நின்று, உடலைத் திருப்பி, இரண்டு கைகளையும் வில்லுக்கும் நாணுக்கும் கொடுத்துவிட்டு, கண்ணையும் மனத்தையும் விலங்கின் மேல் வைத்திருக்கிறார். மரத்தைப் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை மிச்சமில்லை. அந்த மூன்றாவது கையின் வேலையைத்தான் ஹார்னஸ் என்று சொல்லப்படும் பாதுகாப்புக் கச்சை செய்கிறது.

ஆனால் கச்சையை அணிந்திருப்பது ஒன்று, அது மரத்தோடு இணைக்கப்பட்டிருப்பது வேறொன்று. பரணில் அமர்ந்த பிறகே கொக்கியை மாட்டுவது பலருடைய பழக்கம். விபத்துகளில் பெரும்பகுதியோ ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் காலை மாற்றும்போதும்தான் நேர்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் ஒரே விதியை ஒட்டியது: பாதம் தரையை விட்டு எழும் முன் இணைப்பு மாட்டப்பட வேண்டும், இரண்டு பாதங்களும் மீண்டும் தரையில் ஊன்றிய பிறகே அது கழற்றப்பட வேண்டும்.

கச்சையைத் தேர்ந்தெடுத்தல்

தேவைப்படுவது முழு உடல் கச்சை. தோள்கள், மார்பு, இரண்டு தொடைகள் ஆகிய அனைத்தையும் சுற்றி வரும் பட்டைகள் அதில் இருக்கும். முதுகின் மேற்பகுதியில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், இணைப்புப் பட்டை புறப்படும். இடுப்பைச் சுற்றி மட்டும் கட்டும் ஒற்றைப் பெல்ட்டையும், மார்பை மட்டும் சுற்றும் கச்சையையும் ஒதுக்கிவிடுங்கள். விழும்போது முழு எடையும் ஒரே பட்டையில் இறங்குவதால் இடுப்புப் பெல்ட் உடலைத் தலைகீழாகக் கவிழ்க்கலாம், அல்லது வயிற்றிலிருந்து மேலேறி விலா எலும்புகளை நெரித்து மூச்சை அடைக்கலாம். பழைய பெட்டியில் அப்படியொரு பெல்ட் கிடந்தால், அவசரத்துக்கு உதவும் என்று எடுத்துவைக்காமல் இருப்பதே நல்லது.

வேட்டைக்கான கச்சைகளில் பல, உடை, முதுகுப்பை எல்லாம் சேர்த்து 300 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 136 கிலோகிராம் வரையிலான எடைக்கு மதிப்பிடப்பட்டிருக்கும். குறைந்தபட்ச எடையும் லேபிளில் இருக்கும். சிறுவர்களுக்குப் பெரியவர்களின் கச்சையை இறுக்கிக் கட்டிவிடுவது எந்த வகையிலும் சரியாகாது. அதே லேபிளில் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 5 ஆண்டுகளோடு கச்சையின் ஆயுளை முடித்துவிடுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் கச்சையோடு வேறொரு நிறுவனத்தின் இணைப்புப் பட்டையைச் சேர்ப்பதும், கடையில் கிடைத்த சாதாரணக் கயிற்றால் பட்டைக்கு மாற்று செய்வதும் சோதிக்கப்படாத கருவியின் மேல் உயிரை வைப்பதாகும்.

அணியும் ஒழுங்கு

கச்சையை முதுகுப்பக்க இணைப்பைப் பிடித்துத் தூக்கி உதறினால் பட்டைகள் தாமாகவே தத்தம் இடத்தில் தொங்கும்; எது தோளுக்கு, எது தொடைக்கு என்ற குழப்பம் அதிலேயே பாதி தீர்ந்துவிடும். மேல்சட்டையைப் போடுவதுபோல் கைகளை நுழைத்து, முதலில் மார்புப் பட்டையை நெஞ்சின் நடுவில் பூட்டுங்கள். அது கழுத்தருகே ஏறியிருந்தால் விழும்போது தொண்டையை அழுத்தும். வயிற்றருகே இறங்கியிருந்தால் தோள்கள் வெளியே நழுவக்கூடும். பிறகு தொடைப் பட்டைகளை முறுக்கில்லாமல் பூட்டி, பட்டைக்கும் தொடைக்கும் இடையே விரித்த உள்ளங்கை தட்டையாக நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். முட்டி மடித்த கை நுழைந்தால் தளர்வு அதிகம்.

குளிர்காலத்தில் இங்கே ஒரு பிழை நேர்வதுண்டு. வீட்டில் மெல்லிய சட்டையின் மேல் அளவு பார்த்துவிட்டு, அதிகாலையில் தடித்த ஜாக்கெட்டின் மேல் அணியும்போது தொடைப் பட்டை எட்டாமல் போகிறது. இருட்டில் அவசரமாகத் தளர்த்தப்படும் பட்டை பிறகு சரியாக இறுக்கப்படுவதில்லை. ஆகவே எந்த உடையோடு மரமேறப் போகிறீர்களோ அந்த உடையோடுதான் அளவு பார்க்க வேண்டும். ஜாக்கெட்டுக்கு உள்ளே கச்சையை அணிபவர்கள், இணைப்புப் பட்டை கழுத்துப்பட்டி வழியாகவோ முதுகில் அதற்கென விடப்பட்ட திறப்பு வழியாகவோ தடையின்றி வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

தரையளவில் ஒத்திகை

புதிய கச்சையை நேராகக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். உதவிக்கு ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மரத்தில் தலைக்கு மேல் மரப்பட்டையை (மரத்தைச் சுற்றிக் கட்டி, இணைப்பை மாட்டும் பட்டையை)க் கட்டி, உறுதியான சிறு முக்காலியின் மேல் நின்று இணைப்பை மாட்டுங்கள். பிறகு முழங்காலை மெல்ல மடித்து எடையைக் கச்சைக்குக் கொடுங்கள். பாதம் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்திருந்தால் போதும். முதல் சில நொடிகளில் தொடைப் பட்டைகள் இடுப்பு மடிப்பில் அழுந்துவது தெரியும். முதுகுப் பட்டை பின்னிழுக்க, உடல் சற்று முன்சாய்ந்து தொங்கும். தலைக்குப் பின்னால் இருக்கும் கொக்கியைக் கை தேடும், ஆனால் எளிதில் எட்டாது. இந்தக் கடைசி உணர்வுதான் ஒத்திகையின் பயன். விழுந்த பிறகு கொக்கியைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிடலாம் என்ற எண்ணம் அத்தோடு போய்விடும். அதே நிலையில் தொங்கு நிவாரணப் பட்டையை எடுத்துக் காலை மாட்டிப் பழகுங்கள். அதன் பயனைப் பின்னால் விளக்குகிறேன்.

மரமும் பரணும்

உயிருள்ள, நேரான, நோயற்ற மரம் வேண்டும். பட்டுப்போன மரம், சாய்ந்த மரம், மின்கம்பம் ஆகியவை கூடாது. அடிமரச் சுற்றளவு பரணின் கையேடு சொல்லும் எல்லைக்குள் இருக்க வேண்டும். தோல் வழவழப்பாக உரியும் மரங்களைத் தவிர்ப்பது நல்லது. சென்ற பருவத்திலிருந்து மரத்திலேயே விட்டுவைத்த பரண் என்றால், மரம் பருத்ததால் பட்டைகள் விறைத்து அறும் நிலைக்கு வந்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், வெயிலில் நூல் நைந்திருக்கலாம். அந்தப் பட்டைகளைப் புதிதாக மாற்றிவிடுங்கள். ஏணிப் பரணை நிறுத்துவதற்கு மூன்று பேர் வேண்டும். தனியாக நிறுத்திக்காட்டும் திறமையால் பயனில்லை.

உயிர்க்கயிறு

பரணுக்கு மேலிருந்து அடிமரம் வரை நிரந்தரமாகத் தொங்கும் கயிறுதான் உயிர்க்கயிறு. அதன் மேல் ப்ரூசிக் முடிச்சு ஒன்று நகரும். அந்த முடிச்சோடு உங்கள் இணைப்புப் பட்டை பூட்டுள்ள காராபைனரால், அதாவது திறந்து மூடும் உலோகக் கொக்கியால், சேரும். ஆஸ்திரிய மலையேறியான கார்ல் ப்ரூசிக் 1931-இல் விவரித்த இந்த முடிச்சின் நுட்பம் எளியது. தடித்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்று வளையம் சில சுற்றுகள் சுற்றப்படுகிறது. சுமையில்லாதபோது கையால் தள்ளினால் அது நகரும். எடை விழுந்தால் சுற்றுகள் இறுகிக் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். சுற்றும் கயிறு மூலக் கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் பிடிப்பு சரியாக வரும் என்பதால், இரண்டையும் ஒரே தொகுப்பாக வாங்குவது பாதுகாப்பானது. நனைந்த கயிற்றிலும் உறைபனி படிந்த கயிற்றிலும் பிடிப்பு மாறும்; அத்தகைய காலையில் முடிச்சை ஒருமுறை பலமாகக் கீழிழுத்துச் சோதிக்காமல் ஏறக்கூடாது.

முதன்முறை அந்தக் கயிற்றைக் கட்ட யாராவது மேலே ஏறித்தானே ஆக வேண்டும்? அந்த ஏற்றத்துக்குத்தான் லைன்மேன் கயிறு. கச்சையின் இடுப்புப் பக்கங்களில் உள்ள இரண்டு வளையங்களிலும் மாட்டப்பட்டு, மரத்தைச் சுற்றி வரும் இந்தக் கயிறு, சற்றுப் பின்சாய்ந்து இரண்டு கைகளையும் வேலைக்கு விட்டுக்கொடுக்க உதவுகிறது. ஆனால் அது நிலைப்படுத்தும் கயிறே தவிர, விழுவதைத் தாங்கும் கயிறு அன்று. பரணைக் கட்டும் உயரத்தை அடைந்ததும் முதல் வேலையாக, முதுகிலிருந்து வரும் இணைப்புப் பட்டையை மரப்பட்டையில் தலைக்கு மேல் மாட்டிவிட வேண்டும். கிளை குறுக்கிட்டால் லைன்மேன் கயிற்றைக் கிளைக்கு மேலே மாற்றும்போது அந்தச் சில விநாடிகளுக்கு உங்களைத் தாங்குவது அந்த இணைப்புப் பட்டை மட்டுமே.

உயிர்க்கயிற்றின் மேல்முனையை, பரணில் நிற்கும்போது உங்கள் தலைக்கு மேல் வரும் உயரத்தில் கட்டுங்கள். கீழ்முனையை அடிமரத்தில் தளர்வில்லாமல் கட்டுங்கள். கீழ்முனை ஆடினால் முடிச்சை நகர்த்த ஒரு கை போதாது, இரண்டு கைகள் தேவைப்படும். ஏணியில் இரண்டு கைகளையும் விடுவது நீங்கள் தவிர்க்கவேண்டிய முதல் செயல். ஒரு கயிற்றில் ஒருவர் மட்டுமே இணைந்திருக்க வேண்டும்.

ஏறுபவரோடு சேர்ந்து மரத்தில் மேலேறும் ஏறுபரண் வகையில் உயிர்க்கயிறு பொருந்தாது. அங்கே மரப்பட்டையையே தலைக்கு மேலே தள்ளி, பரணை ஓரடி உயர்த்தி, மீண்டும் பட்டையைத் தள்ளி ஏற வேண்டும். பரணின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒரு கயிற்றால் பிணைத்துவையுங்கள். கால்மேடை நழுவிக் கீழே போய்விட்டால், கச்சை தாங்கினாலும் ஏறிநிற்க இடமிருக்காது.

ஏறுதல்

காலணியின் சேற்றை முதலில் தட்டிவிடுங்கள். கைகள் இரண்டும் காலியாக இருக்கட்டும். வில் தரையில் காத்திருக்கும். ப்ரூசிக் முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளி, காராபைனரை மாட்டி, அதன் பூட்டு மூடியிருப்பதைக் காதால் கேட்பதோடு விடாமல் விரலால் தடவிப் பாருங்கள், ஏனெனில் இருட்டில் பட்டையின் மடிப்பு ஒன்று வாயில் சிக்கிப் பூட்டை மூடவிடாமல் செய்யக்கூடும். இரண்டு கைகள், இரண்டு கால்கள் என்ற நான்கில் எப்போதும் மூன்று ஏணியைத் தொட்டிருக்க வேண்டும். இரண்டு படி ஏறுங்கள், நில்லுங்கள், முடிச்சை மேலே தள்ளுங்கள், மறுபடி ஏறுங்கள். முடிச்சு தோளுக்குக் கீழே போக விடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: முடிச்சையே கைப்பிடியாகப் பற்றிக்கொண்டு ஏறுபவர்கள் உண்டு. கால் நழுவினால் கை தானாக இறுகும். கைக்குள் சிக்கிய முடிச்சு கவ்வ முடியாமல் கயிற்றோடு வழுக்கிக்கொண்டே போகும்.

ஏணியின் மேல்முனை பரணின் தளத்தைவிட உயர்ந்திருந்தால் பரணுக்குள் கீழ்நோக்கிக் கால்வைத்து இறங்கலாம். தளத்துக்குக் கீழேயே ஏணி முடிந்துபோனால் விளிம்பைப் பற்றித் தொற்றியேற வேண்டியிருக்கும். முதலாவது முறையில்தான் படிகளை அமைக்க வேண்டும். ஆபத்தான அந்த ஓரடியை எடுக்கும்போது முடிச்சு தலைக்கு மேல் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். தளத்தின் மேல் முழு எடையையும் ஒரேயடியாக வைக்காமல், ஏணியைப் பிடித்தபடி ஒரு காலால் அழுத்திப் பார்த்து, பட்டைகள் நழுவவில்லை என்று தெரிந்த பிறகே இரண்டாம் காலை எடுங்கள்.

எவ்வளவு தளர்வு விடலாம்

வசதிக்காக இணைப்புப் பட்டையை நீளமாக விடுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 15 சென்டிமீட்டர் விழுந்து, பட்டையும் கச்சையும் மேலும் 15 சென்டிமீட்டர் இழுபட்டு நின்றால், உடல் உணரும் சராசரி விசை ஏறத்தாழ 160 கிலோகிராம் எடைக்குச் சமம். அதே மனிதர் 60 சென்டிமீட்டர் விழுந்து அதே 15 சென்டிமீட்டரில் நின்றால் அது 400 கிலோகிராம் ஆகிவிடும். உச்ச விசை இவற்றையும் மிஞ்சும். பல பட்டைகளில் விசையைக் குறைப்பதற்காகக் கிழியும் தையல் மடிப்பு ஒன்று இருக்கிறது; அது இருக்கிறது என்பதற்காகத் தளர்வைக் கூட்டிவிட முடியாது.

ஆகவே பரணில் உட்கார்ந்திருக்கும் நிலையில் பட்டையில் தொய்வே இல்லாத அளவுக்கு முடிச்சை மேலே தள்ளிவையுங்கள். எழுந்து நிற்கும்போது சிறிது தொய்வு தானாக வரும். வில்லை இழுத்துத் திரும்ப அது போதும். இணைப்பு உயரமாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: விழுந்தாலும் பரணின் தளம் காலுக்கெட்டும் உயரத்திலேயே இருக்கும். இடுப்பளவில் கட்டியவர் தளத்துக்குக் கீழே தொங்குவார். அங்கிருந்து மேலேறுவது இளைஞர்களுக்கே கடினம்.

வில்லை மேலே எடுத்தல்

இணைந்து உட்கார்ந்த பிறகுதான் இழுகயிற்றைத் தொட வேண்டும். அம்புகள் அம்பறாத்தூணியில், முனைகள் முழுவதும் மூடிய நிலையில் இருக்கட்டும். நாணில் அம்பு பூட்டப்பட்டிருக்கக் கூடாது. குறுக்குவில் என்றால் நாண் இழுத்துப் பூட்டப்படாத நிலையில்தான் மேலே வர வேண்டும். நீங்கள் ஏறும் பாதைக்கு எதிர்ப்பக்கத்தில் வில்லைத் தரையில் வைத்து இழுத்தால், ஏணியில் சிக்காது. நழுவி விழுந்தவருக்கு அடியில் கூர்முனை காத்திருக்கும் நிலையும் வராது.

எய்யும்போது

கச்சையோடு முதல் அம்பை எய்வது காட்டில் நடக்கக் கூடாது. மார்புப் பட்டையின் கொக்கியும், தொங்கும் பட்டை நுனிகளும் நாணின் பாதையில் வந்தால் அம்பு விலகும். நுனிகளைச் செருகி, கொக்கியைத் தட்டையாக்கிக்கொண்டு, அதே உடையில் இலக்குப் பயிற்சி செய்யுங்கள். பரணில் அமர்ந்ததும், அம்பு பூட்டாமல், வெறும் கைகளால் எய்யும் நிலையை எல்லாத் திசைகளுக்கும் ஒருமுறை நடித்துப் பாருங்கள். வலக்கை நாண் இழுப்பவருக்கு இடப்பக்கம் எளிது. வலப்பக்கமும் மரத்தின் பின்புறமும் திரும்பும்போது இணைப்புப் பட்டை தோளைச் சுற்றி முன்னால் வரும். எந்தத் திசையில் பட்டைக்கு அடியில் குனிந்து திரும்ப வேண்டும், எங்கே வில்லின் கீழ்ப்பகுதி இருக்கையில் இடிக்கும் என்பதெல்லாம் அந்த ஒத்திகையில் தெரிந்துவிடும். பட்டை நாணுக்கும் முகத்துக்கும் நடுவில் வரும் திசை ஏதாவது இருந்தால், அந்தத் திசையில் எய்வதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கீழ்நோக்கிக் குறிவைக்கும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பில் வளைய வேண்டும். உடல் முன்சரியும் அந்தக் கணத்தில் குறுகிய பட்டையின் அருமை தெரியும்.

தூக்கம் வந்தால் இறங்கிவிடுங்கள்.

விழுந்து தொங்க நேர்ந்தால்

கச்சை தாங்கிவிட்டது என்பதால் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. அசையாமல் தொங்கும் உடலில், தொடைப் பட்டைகளின் அழுத்தத்தாலும் கால்கள் இயங்காததாலும் இரத்தம் கால்களில் தேங்கி, இதயத்துக்கும் மூளைக்கும் திரும்புவது குறையும். மயக்கம் சில நிமிடங்களிலேயே வரலாம், அரைமணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதல் முயற்சி ஏணியையோ பரணையோ பற்றி மீள்வதாக இருக்கட்டும். முடியாவிட்டால் உடனே தொங்கு நிவாரணப் பட்டையை எடுத்து, அதன் வளையத்தில் பாதத்தை வைத்து எழுந்து நின்று, தொடைகளின் அழுத்தத்தைக் குறையுங்கள். பட்டை கைக்கு எட்டவில்லையென்றால் மரத்தைக் கால்களால் உதைத்துத் தள்ளிக்கொண்டே இருங்கள்; கால் தசைகள் இயங்கும்வரை இரத்தம் மேலேறும்.

கைப்பேசியும் விசிலும் உடலோடு ஒட்டிய பையில், தொங்கும் நிலையிலும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முதுகுப்பையிலுள்ள கைப்பேசி அப்போது பரணில்தான் இருக்கும். எந்த மரம், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரம் தவறினால் தேடிவர வேண்டியவர் அவர்தான். மீட்கப்பட்ட பிறகு காயமொன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள்.

இறங்குதலும் பிறகும்

அம்பு எய்தாகிவிட்டது, விலங்கு ஓடிய திசை தெரிகிறது, கை நடுங்குகிறது. கொக்கியைக் கழற்றிவிட்டு வேகமாக இறங்கத் தோன்றும் தருணம் இதுதான். எப்படியும் அம்புபட்ட விலங்கைப் பின்தொடர்வதற்கு முன் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை மூச்சு சீராவதற்குக் கொடுங்கள். பின்பு அம்புகளை மூடி, வில்லை இழுகயிற்றால் எதிர்ப்பக்கம் இறக்கி, ஏறிய ஒழுங்கின் தலைகீழாக, முடிச்சை இரண்டு படிக்கு ஒருமுறை கீழே இழுத்துக்கொண்டு வாருங்கள். கடைசி இரண்டு படிகளில் குதிப்பதற்காகக் கொக்கியைக் கழற்றாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கச்சையை நிழலில் உலர்த்தி, வெயிலும் எண்ணெயும் எலியும் அணுகாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பட்டை முழுவதையும் விரல்களுக்கிடையே மெல்ல உருவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறும் வெட்டும் விரலுக்குத் தட்டுப்படும். தையல் அறுந்தது, நிறம் வெளுத்து விறைத்தது, காலாவதியானது, ஒரேயொரு முறையேனும் விழுந்த மனிதரைத் தாங்கியது ஆகிய எதுவும் மீண்டும் மரமேறக் கூடாது. அப்படிப்பட்ட கச்சையைக் குப்பையில் போடும் முன் தோள் பட்டைகளையும் தொடைப் பட்டைகளையும் கத்தரியால் வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால், நல்ல பொருள் என்று நினைத்து வேறொருவர் எடுத்து அணிந்துகொள்வார்.